கல்லிலும் நார் உரிக்கலாம்

பூ கட்டுகிறவர்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும், அதில் வாழைநார் ஊறிக்கொண்டிருக்கும். ஒரு பட்டையை எடுத்து நகத்தால் கீறி இழுத்தால் மேலிருந்து கீழ்வரை சீராகப் பிரிந்து வந்துவிடும். அதையே குறுக்கே அறுக்கப் பாருங்கள், விரல்தான் சிவக்கும்.

காரணம் உள்ளே இருக்கும் செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி அது, இந்தச் சங்கிலிகள் பெரும்பாலும் நாரின் நீளவாக்கிலேயே படுத்திருக்கின்றன. குறுக்கே அறுப்பதென்றால் சங்கிலியையே அறுக்க வேண்டும். நீளவாக்கில் கிழிக்க அது தேவையில்லை, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே பசைபோல இருக்கும் பெக்டினும் லிக்னினும் விட்டுக்கொடுத்தால் போதும். தண்ணீரில் ஊறப்போடுவதும் இதற்குத்தான்: நீர் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது, நார் வளைந்து முடிச்சுக்கு இடம் கொடுக்கிறது, காய்ந்த நாரில் முடிச்சுப் போட்டால் பட்டென்று முறிந்துவிடும்.

தேங்காய் நார் வேறு ரகம். அதில் சுமார் 40 சதவீதம் லிக்னின், மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் அதே பொருள். அதனால்தான் தொட்டால் முரடு, கடல்நீரில் கிடந்தாலும் லேசில் மக்காது. மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு அடிப்பார்கள், அந்தக் காலத்தில் நுண்ணுயிரிகள் பெக்டினைத் தின்றுவிடும், நார் மிஞ்சும். (ஆங்கிலக்காரர்கள் இதைக் 'காயர்' என்பது நம் பக்கத்துக் 'கயிறு' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.) பஞ்சு இதற்கு நேர் எதிர்: ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ், லிக்னின் கிடையாது, ஒவ்வொரு இழையும் விதையின் மேல்தோலில் முளைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்ட ஒரே ஒரு செல்.

கவனித்தீர்களா, பஞ்சு என்றதும் 'நார்' போய் 'இழை' வந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து விதி வகுத்ததாகத் தெரியவில்லை, ஆனால் நம் பேச்சில் பெரும்பாலும் நார் உரிப்பது, இழை இழுப்பது அல்லது நூற்பது. பழந்தமிழில் நாருக்கு அன்பு என்றும் ஒரு பொருள் உண்டு, பேதையின் குணங்களை அடுக்கும்போது வள்ளுவர் 'நாரின்மை' என்கிறார், வாழைநார் இல்லாததைச் சொல்லவில்லை.

சரி, நார்ச்சத்துக்கு வருவோம். இங்கேதான் சொல் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. வாழைத்தண்டு நறுக்கும்போது வரும் நூலை விரலில் சுற்றி எறிந்துவிட்டு, நார்ச்சத்துக்காகவே அந்தத் தண்டைச் சாப்பிடுகிறோம். எறிந்தது போக மீதியிலும் நார்ச்சத்து இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சொல் கண்ணுக்குத் தெரியும் நூலைக் குறிப்பதில்லை, நம் சிறுகுடலால் செரிக்க முடியாத மாவுப்பொருள்களைக் குறிக்கிறது. இட்லியில் இருக்கும் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான், செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். கோத்திருக்கும் கோணம் மட்டும் வேறு. முதல் வகைப் பிணைப்பை வெட்ட நம்மிடம் நொதி இருக்கிறது, இரண்டாவதை வெட்ட இல்லை. மாட்டுக்கும் சொந்தமாகப் பெரிதாக ஒன்றும் கிடையாது, அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன.

இன்னும் வேடிக்கை, ஊறவைத்த வெந்தயத்தின் வழவழப்பும் கொய்யாவின் பெக்டினும்கூட நார்ச்சத்துதான். உரிக்கவோ திரிக்கவோ அதில் ஒன்றுமில்லை, கூழாகக் கரைந்துவிடும். பெருங்குடல் பாக்டீரியாக்கள் இவற்றைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு அமிலங்களாக மாற்றுகின்றன, பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தசைநார் இன்னொரு குழப்பம். 'தசைநார் சிதைவு' என்றால் பாதிக்கப்படுவது சுருங்கி விரியும் தசை செல்கள். விளையாட்டுச் செய்தியில் முழங்காலில் 'தசைநார் கிழிந்தது' என்று எழுதினால், அது பெரும்பாலும் எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் கொலாஜன் கயிறு, அதில் தசையே இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல் போதாது என்பது என் கட்சி.

கண்ணாடியை உருக்கி இழுத்தால் இழை. 1921இல் வெளியான ஆய்வில் கிரிஃபித் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் ஒரு விஷயத்தைக் காட்டினார்: இழை மெலிய மெலிய, ஒரே குறுக்குவெட்டுப் பரப்புக்குக் கணக்கிட்டால், அதன் வலு கூடிக்கொண்டே போகிறது. கண்ணாடி உடைவது அதிலுள்ள நுண்ணிய விரிசல்களால், மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு இடமே இல்லை. ஒளியிழையும் அதே குடும்பம்தான். உள்கண்ணாடிக்குள் போகும் ஒளி, ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் திறன்) சற்றுக் குறைந்த வெளிக்கண்ணாடியில் சாய்வாக மோதி முழுதாக உள்ளேயே திரும்பிவிடும். மாசில்லாத கண்ணாடி கிடைத்தால் இதில் வெகுதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966இல் எழுதிய சார்லஸ் காவ்வுக்கு 2009இல் நோபல் பரிசு வந்தது. இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் சுமார் 95 சதவீத ஒளி மிஞ்சுகிறது.

நடக்காத காரியத்தைக் கல்லில் நார் உரிப்பது என்போம். ஆனால் உண்மையிலேயே உரியும் கல் இருக்கிறது, அதற்குக் கல்நார் என்றே பேர் வைத்திருக்கிறோம், ஆஸ்பெஸ்டாஸ். வெள்ளைக் கல்நாரில் சிலிக்கா அடுக்கும் மக்னீசிய அடுக்கும் ஒட்டியிருக்கின்றன, இரண்டின் அளவும் சரியாகப் பொருந்தாததால் தகடு பாய்போலச் சுருண்டு குழலாகிவிடுகிறது. தீப்பிடிக்காது, அறாது, மக்காது, கூரைத் தகட்டுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள்.

கெடுதல் வந்ததும் அந்த நார்க்குணத்தால்தான். வாழைநாரைப் போலவே குறுக்கே முறியாமல் நீளவாக்கில் மேலும் மேலும் மெலிதாகப் பிரிந்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஊசியாகி நுரையீரலுக்குள் போகிறது. தூசியை விழுங்கும் நம் வெள்ளணுக்களால், தங்களைவிட நீளமான அந்த ஊசியை விழுங்க முடிவதில்லை. பாதி விழுங்கித் திணறுகின்றன, அழற்சி நீள்கிறது, நுரையீரல் உறையில் புற்றுநோய் தெரியவரப் பல நேரம் 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகிவிடுகிறது. வீட்டுக்கூரையில் சும்மா கிடக்கும் தகட்டால் ஆபத்து குறைவு, துளைபோடும்போதும் அறுக்கும்போதும் உடைத்து இறக்கும்போதும்தான் நார் காற்றில் பறக்கும். அதனால் அந்த வேலை தெரிந்தவர்கள் தகட்டை உடைக்காமல் முழுசாகக் கழற்றுவார்கள், கழற்றுவதற்கு முன் பூக்கடைக்காரர் செய்வதைத்தான் செய்வார்கள், தண்ணீர்விட்டு நனைத்துக்கொள்வார்கள்.