ரோலர் கோஸ்டர் கப்பும் மே மாதப் படர்தாமரையும்

மே மாதம் பிறந்தால் என் கிளினிக்கில் இந்தப் புகார் தவறாமல் வரும்: "டாக்டர், தீம் பார்க் போயிருந்தோம். அந்த ரோலர் கோஸ்டர் சீட்டுல ஒரே கப்பு. அதுலேருந்துதான் புள்ளைக்கு இது ஒட்டிக்கிச்சு." பழைய வண்ணாரப்பேட்டையில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைக் குடும்பங்கள் லீவில் வேன் பேசி ஈ.சி.ஆர். பக்கம் போய் வருவார்கள். பொங்கல் சமயமென்றால் தீவுத்திடல் பொருட்காட்சி. வந்தபின் உடம்பு அரித்தால் பழி சீட்டின் மேல்தான்.

கப்பு அடிப்பது உண்மை. ஆனால் வியர்வை சுரக்கும்போது அதற்கு வாடையே கிடையாது என்று சொல்லலாம். தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், அதிலும் அக்குளில் இருப்பவை, அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. தோளுக்கு மேலிருந்து இறங்கி நெஞ்சை அமுக்குமே ஒரு பட்டை, அதைக் கவனித்துப் பாருங்கள். உள்ளே ஃபோம், வெளியே ரெக்ஸின் மாதிரி உறை என்றால், தையல் விட்ட இடத்திலோ விரிசல் விட்ட இடத்திலோ கட்டைவிரலால் அழுத்தினால் சில சமயம் ஈரம் கசியும். காலையிலிருந்து ஏறி இறங்கியவர்களின் வியர்வை, தலை எண்ணெய், சன்ஸ்கிரீன் எல்லாம் அதற்குள்தான் போயிருக்கும். தண்ணீர் ராட்டினத்திலிருந்து சொட்டச் சொட்ட வந்து ஏறுகிறவர்களும் உண்டு. நம்ம ஊர்க் கடற்காற்றின் ஈரப்பதத்தில், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்போது, அது காய நேரமேது? மேலே சென்ட் போட்ட துணியால் துடைத்தால் உறைதான் பளபளக்கும். கிழிந்த உறையை மாற்றி, ராத்திரி காற்றுபடக் காயவிட்டால்தான் வாடை போகும். விரிசலில்லாத ஒரே வார்ப்புப் பட்டையில் இந்தத் தொல்லை குறைவு.

அங்கே வேலை பார்க்கும் பையனிடம் கேட்டால், "அப்படியா? ஒண்ணும் தெரியலையே" என்பான். பொய்யில்லை. ஒரே வாடையில் நின்றுகொண்டே இருந்தால் மூக்கு சில நிமிஷங்களில் அதைக் கணக்கிலெடுப்பதை விட்டுவிடும். மணலிக் காற்றும் கொடுங்கையூர்க் குப்பைமேடும் பழகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சரி, அந்தக் கப்பால் நோய் வருமா? நாற்றத்தால் மட்டும் வராது. படர்தாமரைப் பூஞ்சை உடம்பில் ஒட்டினாலும் வெளியே தெரியப் பொதுவாக நான்கு நாளிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும். நேற்று உட்கார்ந்த சீட்டு இன்று காலை வட்டமாகத் தடித்துக் காட்டாது. மறுநாளே வந்தது பெரும்பாலும் வேர்க்குரு, இல்லையென்றால் பட்டை உரசிய சிவப்பு. வட்டம் வட்டமாக இருந்தால் வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். ஒரே டவலால் நான்கு பேர் துடைத்துக்கொள்கிற வீட்டில் அதற்கு ரோலர் கோஸ்டர் தேவையில்லை. பேனும் அப்படித்தான், தலையோடு தலை உரசினால்தான் பெரும்பாலும் பரவும்.

எனக்குக் கவலையெல்லாம் ஈர ஜீன்ஸ் மேல். காலையில் நனைந்ததை சாயங்காலம்வரை உடம்பிலேயே காயவிட்டு, அதோடு வேனில் இரண்டு மணி நேரம். தொடை இடுக்கில் பூஞ்சைக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. ஆளுக்கு ஒரு செட் காட்டன் துணியும் தனி டவலும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கிளம்புமுன் நன்றாகத் துடைத்து மாற்றுங்கள்.

அப்புறம் அந்த க்ரீம். அரித்தவுடன் மெடிக்கலில், "அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க" என்று வாங்கித் தடவுகிறார்கள். அதில் பாதிக்கு மேல் ஸ்டீராய்டு கலந்த கலவையாகத்தான் என்னிடம் வந்து சேர்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். டெர்பினாஃபின் போன்ற வழக்கமான மருந்துக்கே அசையாத பூஞ்சை இப்போது நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. பழைய டியூபைத் தூக்கிப் போடாதீர்கள், வரும்போது கொண்டுவாருங்கள். எது தடவினீர்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சீட்டில் உண்மையாகவே பயப்பட வேண்டியது வாந்திக்குத்தான். பெரும்பாலும் அது தலைசுற்றலால் வருவது, இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம். ஆனால் நோரோவைரஸ் உள்ளவர் எடுத்த வாந்தியா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்த வைரஸ் துளியூண்டு போதும், 12 முதல் 48 மணி நேரத்தில் பேதியும் வாந்தியும் ஆரம்பித்துவிடும். ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தால் பக்கத்து சீட்டுக்கும் தெறிக்கும். முதலில் டிஷ்யூவால் வழித்தெடுத்து, ப்ளீச் கரைசல் போட்டு, குறைந்தது ஐந்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். ப்ளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிடைக் கலந்துவிடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். உங்கள் பங்குக்கு, அந்த வரிசையை விட்டு வேறு வரிசை கேளுங்கள். சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். இந்த வைரஸிடம் சானிடைசர் அவ்வளவாகச் செல்லாது.

இன்னொன்று, என் துறை இல்லை என்றாலும் சொல்கிறேன். ரப்பரோ பிளாஸ்டிக்கோ கருகுகிற வாடை வந்தால் அது சுத்தம் சம்பந்தப்பட்டதில்லை. சக்கரத்திலோ பிரேக்கிலோ சூடேறியிருக்கலாம். ஆபரேட்டரிடம் உடனே சொல்லுங்கள், அவர்கள் பார்த்துவிட்டு வரும்வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.