ஆச்சியின் கை எவ்வளவு ஆழம் எட்டும்?

ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் புளியரைக்குள் இறங்கியதும் செங்கோட்டை வீடுகளில் கற்பூரம் போட்டுச் சூடாக்கிய தேங்காய் எண்ணெய் மணக்கத் தொடங்கும். மூச்சு இளைக்கும் பிள்ளையை மடியில் கிடத்தி ஆச்சி நெஞ்சைத் தேய்த்துவிடுவாள். அந்தக் கை உண்மையில் என்ன செய்கிறது?

ஆஸ்துமாவில் மூச்சுக்குழலின் சிறு கிளைகளைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி சேர்கிறது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் விரல் அங்கே எட்டாது. ஆனால் மூச்சு முட்டும் பிள்ளைக்குப் பயமும் சேர்ந்துகொள்கிறது. பயத்தில் வேகவேகமாக இழுக்கும்போது, உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். நெஞ்சு காற்றால் உப்பும், கழுத்துத் தசைகள் களைக்கும், பயம் இன்னும் கூடும். கை எட்டுவது இந்தச் சுழலைத்தான். மெல்லிய வருடலை உணர்வதற்கென்றே நம் தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. இதமான சூடுள்ள கை நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும்போது அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. ஆச்சிகளுக்கு அந்த வேகம் யாரும் சொல்லித்தராமலே கைவந்திருப்பதை நினைத்து நான் வியந்திருக்கிறேன்.

1998-இல் அமெரிக்காவின் மியாமியில் ஆய்வாளர் டிஃபனி ஃபீல்டு குழுவினர் ஆஸ்துமா உள்ள 32 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் தினமும் தூங்கும் முன் 20 நிமிடம் உடல் பிடித்துவிட்டார்கள். மறுபாதிக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி. 30 நாளில், பிடித்துவிடப்பட்ட 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளின் பதற்றம் தணிந்தது, காற்றை ஊதி வெளியேற்றும் வேகமும் மேம்பட்டது. பெரிய பிள்ளைகளுக்குப் பலன் குறைவு. சிறிய ஆய்வுதான், இதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

அதே ஆண்டு வெளியான கனடா ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. முதுகெலும்பை நெட்டி முறித்துச் சரிசெய்யும் சிகிச்சையை ஒரு பிரிவுக்கும், அதுபோன்ற பாவனையோடு மென்மையாகத் தொடுவதை இன்னொரு பிரிவுக்கும் கொடுத்தார்கள். இரண்டிலும் பிள்ளைகளுக்குத் தொந்தரவு குறைந்தது. நெட்டி முறித்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஆகவே குழந்தையின் முதுகை யாரும் முறுக்க விடாதீர்கள்.

கற்பூரத்தையும் விட்டுவிடுங்கள். அது விழுங்கப்பட்டால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பூசவே கூடாது. வெறும் தேங்காய் எண்ணெய் போதும்.

இளைப்பு வந்தால் முதலில் மருத்துவர் சொன்ன அளவில் ஸ்பேசர் (மருந்து நுரையீரலுக்குள் போக உதவும் குழல்) வைத்து இன்ஹேலர் கொடுங்கள். இறுகிய தசையைத் தளர்த்துவது அந்த மருந்துதான். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, பேச்சு பாதியில் நின்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஆட்டோவில் பிள்ளையைக் கிடத்தாமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். ஆச்சி பக்கத்தில் அமர்ந்து முதுகை வருடிக்கொண்டே வரட்டும்.