மூடி இருப்பது மழைக்காக, அறைக்காக அல்ல

விடியற்காலை நான்கு மணி. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு வழியாக மலை இறங்கி, மதுரையில் எங்கள் அவசரப் பிரிவு வாசலில் வந்து நின்ற ஆம்புலன்ஸில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர். மேலே இருந்து கொடுத்தனுப்பிய சீட்டில் ‘கெட்ட இறைச்சி சாப்பிட்டதால் வாந்தி’ என்று எழுதியிருந்தது. நால்வருக்கும் மண்டை பிளக்கும் தலைவலி. ஆனால் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. இரவு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் தூங்கிவிட்ட சின்னவனும் வாந்தி எடுத்திருந்தான். அம்மாவின் ஸ்வெட்டரில் கரி வாசம்.

“கரி அடுப்பை எங்கே வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டேன்.

“வெளியேதான் டாக்டர் கோழி சுட்டோம். மழை பிடித்துக்கொண்டது. குளிருக்கும் ஆகட்டும் என்று அடுப்பை உள்ளே எடுத்து வந்துவிட்டோம். மூடி போட்டுத்தான் வைத்திருந்தோம். புகையே இல்லையே!”

இந்தக் குளிர்காலத்தில் நான் பார்க்கும் மூன்றாவது குடும்பம் இது. மூன்று முறையும் அதே வார்த்தைதான்: புகையே இல்லையே.

புகை வேறு, நச்சு வேறு. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன். புகை என்றால் கண் கரிக்கும், இருமல் வரும், நீங்களே எழுந்து வெளியே ஓடிவிடுவீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அப்படி எழுப்பிவிடாது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, தொண்டையில் ஓர் உறுத்தல்கூட இல்லை. கரி புகைந்து முடித்து, மேலே வெள்ளைச் சாம்பல் படர்ந்து, உள்ளே செக்கச்செவேல் என்று கனலும்போது ‘இனிப் பயமில்லை’ என்று நினைக்கிறீர்கள். நீறு பூத்த அந்தக் கங்குதான் நீங்கள் தூங்கும்போது நச்சைக் கக்கிக்கொண்டிருக்கிறது. மூடி போட்டால் தடுக்காதா? தடுக்காது, அது காற்றுப் புகாத பாத்திரம் அல்ல. துளைகளையும் அடைத்துவிட்டால்? கரி உடனே அணைந்துவிடாது. காற்றுக் குறையக் குறைய அரைகுறையாக எரியும், நச்சு இன்னும் கூடும். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால்? போதாது.

“பாட்டி காலத்தில் குமுட்டி அடுப்பு வீட்டுக்குள்தானே இருந்தது?” என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். ஐயா, அது முற்றம் வைத்த ஓட்டு வீடு. ஓடுகளின் இடுக்கெல்லாம் காற்று போய்வந்துகொண்டிருந்தது. அங்கேயும் அது ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். கான்கிரீட் தளம் போட்டு, கண்ணாடி ஜன்னலை இறுகச் சாத்திய விடுதி அறையை அதனோடு ஒப்பிடவே முடியாது.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: அன்று அம்மாவின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 99 காட்டியது. அதை நம்பாதீர்கள். ஹீமோகுளோபினில் ஏறியிருப்பது ஆக்ஸிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அந்தச் சாதாரணக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பாருங்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் முகமூடி வழியாக முழு ஆக்ஸிஜனைத் தொடங்குங்கள். சாதாரணக் காற்றில் அந்த நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்ஸிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும்.

அடுப்பு வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு மொட்டை மாடியிலும் உருண்டை வடிவக் கெட்டில் அடுப்பு ஒன்று நிற்கிறது. 1952-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் தான் வேலை பார்த்த பட்டறையில் செய்துகொண்டிருந்த மிதவையின் உலோக அரைக்கோளங்களை வைத்து உருவாக்கியது அது. திறந்தவெளியில் காற்றும் மழையும் சமையலைக் கெடுத்ததால்தான் மூடி போட்டார். மழை வந்தால் மூடியைப் போட்டுவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போங்கள், அடுப்பு வெளியிலேயே நிற்கட்டும்.

வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், துளைகளைப் பாருங்கள். அடியிலும் மூடியிலும் காற்றுத் துளை இருக்க வேண்டும். அந்தத் துளையைத் திறந்து மூடும் தகடு இறுகிக்கொள்ளாமல் கையால் திருப்ப வர வேண்டும். கால்களை ஆட்டிப் பாருங்கள். அடியில் சாம்பல் கிண்ணம் கட்டாயம். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 57 செ.மீ. அகலம் தாராளம், அதைவிடச் சிறியதில் கரியை ஒரு பக்கம் ஒதுக்கி இறைச்சியை மறுபக்கம் வைக்க இடம் போதாது. புகையில் வேகவைக்க அந்த இடைவெளிதான் உயிர்நாடி. மூடியின் துளை இறைச்சிக்கு மேலே வரும்படி திருப்பி, சூடு 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் நிற்கும்படி கீழ்த் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மணிக்கணக்கில் அரைத் துளையோடு கனலும் வேலை இது. அதனால் நச்சும் அதிகம், அடுப்பை மேற்கூரையும் சுவரும் உள்ள இடத்தில் வைக்கவே கூடாது. கண்ணாடி அடைத்த பால்கனியும் அறைதான். கார் நிறுத்தும் இடமும் அறைதான், ஷட்டர் திறந்திருந்தாலும்.

எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் சீமைக் கருவேலக் கரி நன்றாகவே கனலும். ஆனால் பற்றவில்லை என்று மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றாதீர்கள். தீக்காயப் பிரிவில் அந்தக் கைகளையும் பார்த்திருக்கிறேன். சாம்பலை அன்றே குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள், மறுநாளும் உள்ளே கங்கு இருக்கும்.

கரி அடுப்பு அருகில் இருந்து தலை வலித்தால், தலை சுற்றினால், மாத்திரை தேடாதீர்கள். எல்லோரையும் முதலில் வெளியே இழுத்து வாருங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் முன்னால். பிறகு 108. மருத்துவரிடம் ‘கரி அடுப்பு’ என்ற இரண்டு சொற்களைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவரும் இறைச்சியைத்தான் சந்தேகிப்பார்.

அன்று வந்த நால்வரும் தாங்களாகவே நடந்து மருத்துவமனையை விட்டு வெளியேறினார்கள். மூன்று வாரம் கழித்து அந்த அம்மா மட்டும் மறுபடி வந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறாராம், கடைக்குப் போனால் என்ன வாங்க வந்தோம் என்று நிற்கிறாராம். இந்த நச்சு நாள் கழித்தும் மூளையைத் தொடும். அநேகமாகச் சரியாகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும்.

மலையில் விடுதி நடத்துகிறவர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வாடகைக்கு அடுப்பு கொடுக்கிறீர்கள், மழை வந்தால் அதை எங்கே வைப்பார்கள்? நான்கு பக்கமும் திறந்த ஒரு தகரக் கூரை போட்டுக் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு ஓர் ஆளை அனுப்பி அடுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.