ராட்டை நிற்கிற இடம்

பாடகர்களுக்குப் பியானோ வாசிப்பது என் தொழில். ஜெர்மன் கலைப்பாடலோடு ஒத்திகைக்கு வருகிற மாணவர்கள் பலர் மெட்டை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டால் விழிப்பார்கள். 'லீட்' எனப்படும் இந்த வகைப் பாட்டில் அது எடுபடாது. இங்கே கவிதைதான் முதலில். அதைப் படித்த ஒருவர் அதற்கு அப்புறம் போட்டதுதான் மெட்டு.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'ராட்டையருகே கிரெட்சென்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1814 அக்டோபர் 19 அன்று இதை எழுதினார், அப்போது வயது 17. வரிகள் ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஃபௌஸ்ட்' நாடகத்தில் வருபவை. காதலனை நினைத்தபடி கிரெட்சென் என்ற பெண் தனியாக நூல் நூற்கிறாள். என் நிம்மதி போயிற்று, நெஞ்சு கனக்கிறது என்று தொடங்குகிறாள்.

பியானோவின் வலது கை ஓயாமல் சுழல்கிறது, அது சக்கரம். இடது கையில் துண்டு துண்டாக விழும் தட்டு, அவள் காலால் மிதிக்கிற கட்டை. வலது கை இழைய வேண்டும், இடது கை வெட்டி ஒலிக்க வேண்டும் என்று ஷூபர்ட்டே குறித்திருக்கிறார். கற்றுக்கொண்ட காலத்தில் நான் ஒலியை நீட்டிக்கும் பெடலை அமுக்கியபடியே வாசிப்பேன், இடது கையின் வெட்டு கேட்காது. "ராட்டைக்குக் காலே இல்லையே" என்றார் என் ஆசிரியை. பக்கவாத்தியக்காரர்களே, உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

சரி, நடுப்பகுதிக்கு வருவோம். அவன் நடை, தோற்றம், புன்னகை, கண், பேச்சு என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். இங்கே இடது கையின் தட்டு காணாமல் போய், பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் நீண்ட கோர்டுகள் வருகின்றன. மிதிப்பதை மறந்துவிட்டாள்! சக்கரம் மட்டும் பழைய வேகத்தில் சுற்றுகிறது. 'ஆ, அவன் முத்தம்' என்று குரல் உச்சத்துக்குப் போனதும் அதுவும் நின்றுவிடுகிறது. முத்தத்துக்கான ஜெர்மன் சொல்லான 'குஸ்' என்பதை அங்கே நீட்டிப் பிடிக்க வேண்டும். கடைசி 'ஸ்' முந்திக்கொண்டு வந்தால் முத்தம் சீறலாகிவிடும்.

அப்புறம் சக்கரம் திக்கித் திணறித்தான் மறுபடி ஓடத் தொடங்கும். இந்த இடத்தில் எத்தனையோ பேர் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நீங்கள் பாடாத அந்தச் சில நொடிகளில்தான் அவள் தன் அறைக்குத் திரும்பி வருகிறாள். முகம் அதைக் காட்ட வேண்டும்.

கதேயின் கவிதை, அவன் முத்தங்களில் அழிந்துபோக வேண்டும் என்ற ஏக்கத்தோடு முடிகிறது. ஷூபர்ட் அங்கே நிறுத்தவில்லை. முதல் இரண்டு வரிகளை மறுபடி, தணிந்த குரலில் பாட வைக்கிறார். அதற்குப் பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றித்தான் ஓய்கிறது. கடைசி ஸ்வரம் அடங்கி, நான் கையை எடுக்கும்வரை நீங்களும் அசையாமல் நில்லுங்கள்.