கடலைத் தாண்டும் காரும் கடலை அறியாத பாலிசியும்

கோயம்புத்தூரிலிருந்து லாரியிலும் சென்னையிலிருந்து கப்பலிலுமாக, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேருக்கு வந்த ஒரு காரைச் சென்ற வாரம் காப்பீட்டு சர்வேயராக ஆய்வு செய்தேன். கன்டெய்னருக்குள் காரைக் கட்டியிருந்த லாஷிங் பெல்ட் அறுந்து, கார் முன்சுவரில் மோதி, பானெட் மடங்கி, ரேடியேட்டர் பிளந்திருந்தது. பணிமாறுதலில் வந்திருந்த உரிமையாளர் சற்றும் கலங்காமல், "பம்பர் டு பம்பர் போட்டிருக்கிறேன் சார்" என்றார். இதை இன்னும் எத்தனை பேர் சொல்லிக் கேட்கப் போகிறேனோ!

உங்கள் மோட்டார் பாலிசியின் முதல் பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள். சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் ஆகியவற்றில் காரைக் கொண்டு செல்லும்போது நேரும் சேதத்திற்கு இழப்பீடு உண்டு என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். அந்த வரிசையில் கடல் இல்லை. உள்நாட்டு நீர்வழி என்பது ஆறும் கால்வாயும் உப்பங்கழியுமே தவிர வங்காள விரிகுடா அன்று. அந்தமானும் இந்தியாதானே என்று வாதிடுவோர் உண்டு. பாலிசி எந்த நாட்டுக்குள் செல்லுபடியாகும் என்பது வேறு, கார் எந்த வழியில் போகும்போது செல்லுபடியாகும் என்பது வேறு. பம்பர் டு பம்பர் என்பது உதிரிபாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவதற்கான கூடுதல் ஏற்பாடு மட்டுமே; பாலிசியில் இல்லாத கடலை அது கொண்டுவந்து சேர்க்காது.

ஆகவே, காரை ஏற்றும் இடம் முதல் இறக்கும் இடம் வரை செல்லுபடியாகும் மரைன் பாலிசியை, அதாவது கடல்வழிச் சரக்குக் காப்பீட்டை, தனியாக எடுங்கள். 2021இல் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் சிக்கியபோது, சேதமே அடையாத சரக்கின் உரிமையாளர்களிடமும் மீட்புச் செலவில் பங்கு கேட்கப்பட்டது. அத்தகைய பங்கையும் வழக்கமாக மரைன் பாலிசியே ஏற்கும்.

காருக்குள் வீட்டுச் சாமான்களை அடைக்காதீர்கள். நான் பார்த்த காரின் பின்னிருக்கையில் அரிசி மூட்டையோடு மாவடு ஜாடியும் இருந்தது. ஜாடி உடைந்து வடிந்த உப்புநீரால், தரைவிரிப்பின் அடியிலிருந்த வயர் இணைப்புகள் பச்சை பூத்திருந்தன.

எரிபொருள் கால் டேங்குக்கு மேல் வேண்டாம். ஃபாஸ்டேக்கை மறைத்துவிடுங்கள், லாரியின் மேல் நிற்கும் காரின் பணத்தையும் சுங்கச்சாவடி எடுத்துக்கொள்வதுண்டு. 12 மாதங்களுக்கு மேல் அந்தமானில் வைத்திருப்பதானால் மறுபதிவு கட்டாயம் என்பதால், ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றை (என்.ஓ.சி.) புறப்படும் முன்பே வாங்குங்கள். காரைக் கழுவித் துடைத்த பின் நான்கு புறமும் படமெடுங்கள். புழுதி படிந்த காரின் படம் எனக்கு எதற்கும் பயன்படாது. சேருமிடத்தில் பகல் வெளிச்சத்தில் காரைச் சுற்றிப் பார்த்து, கண்ட சேதத்தை ஒப்படைப்புச் சீட்டிலேயே எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள்.