குடுவைச் செடிக்கு உரம் போடாதீர்கள்

பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள் பெரும்பாலும் வளர்ப்பவரின் பாசத்தாலேயே சாகின்றன. மக்கிய எரு, உப்புச்சத்துள்ள கிணற்றுத் தண்ணீர் என்று மற்ற செடிகளுக்குச் செய்யும் உபசாரமெல்லாம் இதற்கு ஆகாது.

நெப்பந்தஸ் என்ற இந்த இனம் பெரும்பாலும் தென்கிழக்கு ஆசிய மழைக்காடுகளைச் சேர்ந்தது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணிலேயே வளர்ந்து, பற்றாக்குறையைப் பூச்சிகளைக் கொண்டு ஈடுகட்டப் பழகிய செடி. வேருக்குத் திடீரென்று விருந்து வைத்தால் அது கருகிவிடும்.

பலரும் பூ என்று நினைக்கும் குடுவை உண்மையில் இலையின் ஒரு பகுதி. இலை நுனி கொடிபோல நீண்டு, முனையில் உப்பிக் குடுவையாகிறது. மூடி ஒருமுறை திறந்தால் திறந்ததுதான். பூச்சி விழுந்ததும் படக்கென்று மூடிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை.

பொறி இருப்பது வாய் விளிம்பில். உற்றுப் பார்த்தால் நுண்ணிய வரிவரியான மேடுகள் தெரியும். காய்ந்திருக்கும்போது எறும்பு அதன்மேல் நிம்மதியாக நடந்து, தேனைக் குடித்துவிட்டுப் போய்க் கூட்டாளிகளையும் அழைத்து வரும். அதற்குள் காற்றில் ஈரம் ஏறி விளிம்பில் மெல்லிய நீர்ப்படலம் படர்ந்திருந்தால் அவ்வளவுதான், வந்த கூட்டமே வழுக்கி உள்ளே விழும். பல வகைகளில் உட்சுவரின் மெழுகு வேறு காலில் ஒட்டி உதிர்வதால் மேலேற முடியாது. அடியில் உள்ள திரவத்தின் நொதிகள் புரதத்தைக் கரைத்துவிடும்.

சரி, வளர்ப்பது எப்படி? மண்ணே வேண்டாம். ஸ்ஃபேக்னம் பாசியோடு பெர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகளைக் கலந்தால் போதும். மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம், பாசி ஈரமாக இருக்க வேண்டும், தொட்டி நீரில் நிற்கக் கூடாது. வெளிச்சம் நிறைய, உச்சி வெயில் வேண்டாம். இலை நன்றாக வந்தும் குடுவை வராமல் நுனி காய்ந்தால், பெரும்பாலும் ஈரப்பதமோ வெளிச்சமோ போதவில்லை. உள்ளே இருக்கும் திரவத்தை அழுக்குத் தண்ணீர் என்று கொட்டிவிடாதீர்கள். இறைச்சித் துண்டும் போட வேண்டாம், அழுகி நாறும்.

போர்னியோ மலைகளில் நெப்பந்தஸ் லோவி என்றொரு வகை உண்டு. அணில் போன்ற சிறு விலங்கான மர மூஞ்சூறு அதன் குடுவைமேல் உட்கார்ந்து மூடியில் சுரக்கும் இனிப்பை நக்கும். நக்கிக்கொண்டே உள்ளே புழுக்கை போடும். அந்தச் செடிக்கு எரு அப்படித்தான் கிடைக்கிறது, வேர் வழியாக அல்ல.