ஜே.ஆர்.எஃப். கிடைத்தும் மாதப் பணம் வரவில்லையா?

முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களில் நிறையப் பேர் நம்பியிருப்பது யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகையைத்தான். முதல் 2 ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய். அப்புறம் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆக உயர்ந்தால் 42,000. இது 2023 ஜனவரி முதல் உள்ள கணக்கு. மொத்தம் 5 ஆண்டு, அல்லது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள், எது முந்தியோ அதுவரை. திட்ட அறிமுகம் இவ்வளவு போதும். இந்தப் பணம் எந்தெந்த மேசையில் சிக்கி நிற்கும் என்பதை எந்த அறிவிப்பிலும் போடமாட்டார்கள், அதனால் அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம். ஜே.ஆர்.எஃப். கிடைப்பது நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாக. 2024 ஜூன் தேர்விலிருந்து அதன் முடிவு மூன்று வகையாக வருகிறது. ஜே.ஆர்.எஃப். ஒன்று, உதவிப் பேராசிரியர் தகுதி ஒன்று, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் ஒன்று. இதில் பணம் வருவது முதல் வகைக்கு மட்டுமே. மூன்றாவது வகையில் தேறிய பிள்ளைக்கு மாதாமாதம் ஸ்டைபண்ட் வரும் என்று நம்பி, இருந்த வேலையை விடச் சொன்ன குடும்பங்கள் உண்டு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குள் பிஎச்.டி. சேர உதவும். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கும் 5 ஆண்டு சலுகை. நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது ஓ.பி.சி. என்ற இடத்தில்தான். கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு விஷயத்துக்குச் செல்லாது. கிரீமி லேயரில், அதாவது சலுகை கிடைக்காத வசதியான பிரிவில், வரவில்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மையம் வழியாகத் தனியாக வாங்க வேண்டும். விண்ணப்பம் போட்டதும் தாலுகா அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வி, "அப்பா சம்பளம் எவ்வளவு?" அப்பா அரசு ஊழியர் என்றால் அந்தச் சம்பளம் 8 லட்சம் வருமான வரம்புக் கணக்கில் சேராது. விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியரைப் பொறுத்தவரை பதவியின் நிலைதான் தனியாகப் பார்க்கப்படும். திருமணமான பெண்ணிடம் கணவரின் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், அதுவும் தவறு. அவருக்குப் பெற்றோரின் நிலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மத்தியப் பணியாளர் துறையின் விளக்க ஆணைகளை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். வாயால் சொன்னால் "எங்களுக்கு அப்படி உத்தரவு வரலையே" என்பதுதான் பதில்.

சரி, விருதுக் கடிதம் வந்துவிட்டது. அது 3 ஆண்டு செல்லும். அதற்குள் முழுநேர பிஎச்.டி.யில் சேர வேண்டும். பகுதிநேரப் பதிவுக்கு இந்தப் பணம் கிடையாது. "இப்போது பகுதிநேரமாகப் பதிந்துவிடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று நெறியாளர் சொன்னால் தலையாட்டாதீர்கள். மாற்றும் கோப்பு நகர்வதற்குள் கடிதத்தின் காலம் முடிந்துவிடும்.

பணம் எந்த நாளிலிருந்து கணக்கு என்பதைப் பலரும் கேட்பதே இல்லை. ஏற்கெனவே பிஎச்.டி.யில் இருப்பவருக்கு நெட் முடிவு வந்த நாள், சேர்ந்த நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து. புதிதாகச் சேர்பவருக்குச் சேர்ந்த நாளிலிருந்து. சேர்க்கை ஆணை ஜூலையில் வருகிறது. நெறியாளர் வெளியூர், துறைத்தலைவர் தேர்வுப் பணி என்று சேர்க்கை அறிக்கையில் செப்டம்பர் தேதி விழுகிறது என்று வையுங்கள். 2 மாதம், 74,000 ரூபாய் போயிற்று. ஆணை கிடைத்த அன்றே அறிக்கையைக் கொடுத்து, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள்.

இனிமேல்தான் பெரிய தொல்லை. உதவித்தொகை தானாக வராது. கனரா வங்கியின் உதவித்தொகை போர்டலில் உங்கள் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் "இவர் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார்" என்று உறுதி செய்ய வேண்டும். மேக்கர் என்று ஒருவர் பதிவேற்றுவார், செக்கர் என்று இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பார். இருவரில் ஒருவர் லீவு போட்டாலும் அந்த மாதம் போச்சு. நெறியாளர், துறைத்தலைவர், முதல்வர் என்று வரிசையாகக் கையெழுத்து வாங்கி, வருகைச் சான்றை உரிய நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுப்பது ஆய்வு மாணவரின் வேலை. கொடுத்த தாளை மேசையில் வைத்துவிட்டு மறந்துபோனவரை எந்த விதியும் கேட்காது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் செக்கராக இருந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், ஓ.டி.பி. மட்டும் அவருடைய செல்போனுக்கே போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்த ஆய்வு மாணவர்கள் மாலையில் அவர் வீட்டு வாசலில் நின்று எண்ணைக் கேட்டு வாங்கி, அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டியிருந்தது. பயனர் பெயரை மாற்றித் தரச் சொல்லி ஒரு கடிதம் எழுத அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை.

இணைப்புக் கல்லூரி ஆய்வு மையத்தில் இருப்பவர்களுக்கு அலைச்சல் இரட்டிப்பு. "பல்கலைக்கழகம்தான் போட வேண்டும்" என்று கல்லூரியும், "உங்கள் கல்லூரிக்கே லாகின் இருக்கிறதே" என்று பல்கலைக்கழகமும் பந்தாடும். சேரும்போதே இதை எழுத்தில் கேளுங்கள்: மேக்கர் யார், செக்கர் யார், மாதத்தில் எந்தத் தேதிக்குள் சான்று வேண்டும். பதில் கிடைக்காத கல்லூரியில் பணமும் லேசில் கிடைக்காது.

வங்கிக் கணக்கு இன்னொரு கண்ணி. ஆதாரை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக அந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருப்பது வேறு. ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும். ஏதோ சலுகைக்காக நடுவில் திறந்த கணக்கில் அது போய் உட்கார்ந்திருக்கலாம். மை ஆதார் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

2 ஆண்டு முடிந்ததும் 42,000 தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். குழு கூடி உங்கள் வேலையை மதிப்பிட்டு, அதற்கான படிவம் போர்டலில் ஏற வேண்டும். குழுவில் வெளியிலிருந்து வரும் வல்லுநரின் தேதி கிடைப்பதுதான் பாடு. இரண்டாம் ஆண்டு முடிய 3 மாதம் இருக்கும்போதே நெறியாளரைப் பிடித்துத் தேதி குறியுங்கள். நெறியாளரோடு மனஸ்தாபம் இருந்தால் கையெழுத்து இழுபடும் இடமும் இதுவே. வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எல்லாக் கோரிக்கையையும் மின்னஞ்சலில் அனுப்பி, துறைத்தலைவருக்கும் நகல் வையுங்கள்.

உதவித்தொகை வாங்கிக்கொண்டே கௌரவ விரிவுரையாளராகச் சம்பளமும் வாங்கக்கூடாது. "எல்லாரும்தான் செய்கிறார்கள்" என்று சொல்லிச் சேர்த்துவிடும் அதே கல்லூரி, தணிக்கை வரும்போது திருப்பிக் கட்டச் சொல்லி உங்களுக்குத்தான் கடிதம் அனுப்பும்.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. திருவாரூர், புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத பிஎச்.டி. மாணவருக்கு மாதம் 8,000 உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அது இல்லை. தமிழக ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வு மாணவருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் தருகிறது. எஸ்.சி. தேசிய உதவித்தொகை 2023 அக்டோபர் முதல் யு.ஜி.சி.யிடமிருந்து என்.எஸ்.எஃப்.டி.சி. எனும் மத்திய அரசின் எஸ்.சி. நிதி, மேம்பாட்டுக் கழகத்துக்குப் போய்விட்டது, பழைய முகவரிக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகைக்கு 2022-23 முதல் புதிய ஆட்களை எடுப்பதில்லை. இன்னும் அதைப் பட்டியலில் போட்டுக்கொண்டிருக்கும் யூடியூப் வீடியோக்களை நம்பி நாளைக் கழிக்க வேண்டாம்.

பணம் நின்றுபோனால் முதலில் உறுதிப்படுத்தல் போனதா இல்லையா என்பதைக் கண்டுபிடியுங்கள். போகவில்லை என்றால் பதிவாளருக்கு எழுத்து மூலம் மனு. போயும் வரவில்லை என்றால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: எந்த மாதத்தின் உறுதிப்படுத்தல் எந்தத் தேதியில் பதிவேற்றப்பட்டது, எந்தத் தேதியில் ஒப்புதல் தரப்பட்டது. "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்லக் கடமை இல்லை என்று முடித்துவிடுவார்கள். தேதியைக் கேளுங்கள். நிலுவை மொத்தமாக ஒருநாள் கணக்கில் விழும்போது எந்த மாதத்துக்கு எவ்வளவு என்ற விவரம் அதில் இருக்காது. மாதவாரியாக நீங்களே எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, விட்டுப்போன மாதத்துக்கு அந்த வாரமே மறுபடி மனு கொடுங்கள்.